ஒரே பகலில் எகிப்து காட்டுபவர்

லக்ஸரில் ஒருநாள் சுற்றுலாவை நடத்தும் வழிகாட்டிக்கு வேலை எளிது: சுமார் ஐந்நூறு ஆண்டுப் பாரோ ஆட்சியைப் பொழுது சாய்வதற்குள் முடித்துவிட வேண்டும். அவர் அரசு உரிமம் பெற்றவர், சித்திர எழுத்துகளை வாசிக்கப் படித்தவர். அந்தப் படிப்பைச் சோதிக்கும் கேள்விகள் பொதுவாக இரண்டுதான். கழிப்பறை எங்கே? பிரமிடு எப்போது வரும்? பிரமிடுகள் பல நூறு கிலோமீட்டர் வடக்கே, கெய்ரோ பக்கம் இருப்பதை அவர் முகம் சுளிக்காமல் சொல்வார்.

பேருந்தில் ஏறியதும் குழுவுக்குப் பெயர் சூட்டப்படும்: ராம்சேஸ். அன்று முழுவதும் ‘யல்லா, ராம்சேஸ்!’ என்ற குரலுக்கு எல்லோரும் கட்டுப்பட்டவர்கள். மறுநாள் வரும் குழுவும் ராம்சேஸ்தான். அந்தப் பெயரில் 11 பாரோக்கள் இருந்த நாட்டில் இது ஒரு குறையல்ல. கூட்டத்தில் இந்திய முகம் தென்பட்டால் அமிதாப் பச்சன் பெயரைச் சொல்லி உறவு கொண்டாடுவார்.

வெயில் ஏறுமுன் நைலின் மேற்குக் கரை. பழைய எகிப்தியர் இறந்தோருக்கு ஒதுக்கிய கரை அது. அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளுக்குள் நின்று வழிகாட்டிகள் விளக்கவுரை நிகழ்த்தக் கூடாது என்பது விதி. நாட்டில் வேறெந்த விதியையும் அவர் இவ்வளவு மனமுவந்து மதித்ததில்லை. பொதுச் சீட்டுக்கு மூன்று கல்லறைகள் என்று விரலை நீட்டிக் காட்டி, படங்களை விரித்து எல்லாவற்றையும் வெளியிலேயே சொல்லி முடித்து, குழுவைச் சரிவில் இறக்கிவிட்டு, நிழலில் தேநீரோடு அமர்வார்.

தூதன்காமுன் கல்லறைக்குத் தனிச் சீட்டு. உள்ளே இடம் சிறிது. புதையல் கெய்ரோவுக்குப் போய்விட்டது. ஆகவே விற்க மீதியிருப்பது சாபம் ஒன்றே. 1922-இல் கல்லறை திறக்கப்பட்டதையும், செலவை ஏற்ற கார்னார்வன் பிரபு சில மாதங்களில், 1923 ஏப்ரலில் இறந்ததையும் குரலைத் தாழ்த்திச் சொல்வார். சீழ்பிடித்த கொசுக்கடி கதையில் வராது. கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை இருந்தார் என்பதும் வராது. யாராவது கேட்டால், அவருக்குச் சாபம் மெதுவாக வேலை செய்தது என்பார்.

அடுத்தது தெய்ர் எல்-பஹ்ரி, ஓர் அரசியின் கோயில். அரசியின் பெயர் வெளிநாட்டவர் நாக்கில் நிற்காததால் ‘ஹாட் சிக்கன் சூப்’ என்று வேகமாகச் சொல்லப் பழக்குவார். ஏறக்குறைய ஹாட்செப்சுட் வந்துவிடும். மாற்றாந்தாய் மீதிருந்த கோபத்தில் மூன்றாம் துட்மோஸ் அவளது உருவங்களைச் செதுக்கி அழித்தான் என்பது அவருடைய கதை. அழிப்பு நடந்தது அவள் இறந்து சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான், அவ்வளவு காலம் ஆறாத கோபம் இருக்குமா என்று ஆய்வாளர்கள் கேட்பது அவருக்கும் தெரியும். ஆனால் வாரிசுரிமைச் சிக்கலை நாற்பது டிகிரி வெயிலில் விளக்க முடியாது. குடும்பச் சண்டையை எந்த நாட்டாரும் உடனே புரிந்துகொள்வார்கள்.

பிறகு அலபாஸ்டர் பட்டறை. இங்கே மட்டும் கடிகாரம் நின்றுவிடும். மெம்னான் சிலைகளுக்குப் பத்து நிமிடம் தந்தவர், கல் ஜாடிக்குள் விளக்கை வைத்து ஒளி ஊடுருவுவதைக் காட்டும் கடைக்காரருக்கு முக்கால் மணி நேரம் தருவார். ‘வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை’ என்பார். அது உண்மைதான், வாங்கினால் கழிவுத் தொகை யாருக்கு என்பது அன்றைய பாடத்திட்டத்தில் இல்லை.

மதிய உணவுக்குப் பின் கிழக்குக் கரை. கர்னாக் கோயிலின் பெருமண்டபத்தில் 134 தூண்கள்; நடுவில் உள்ள பன்னிரண்டும் சுமார் 21 மீட்டர் உயரம். அன்றைய நாளில் அவர் பேச்சை நிறுத்தும் இடம் இதுவே. பணிவு என்று எடுத்துக்கொள்ளலாம், தொண்டை வறண்டதாகவும் இருக்கலாம். புனிதக் குளத்தருகே கல் வண்டைக் கண்டதும் குரல் திரும்பிவிடும். ஏழு சுற்று சுற்றினால் அதிர்ஷ்டம், கல்யாணம், குழந்தை: எண்ணிக்கைக்கேற்பப் பலனும் வளரும். வண்டைச் செய்வித்த மூன்றாம் அமென்ஹோடெப் இப்படியொரு ஏற்பாடு செய்ததற்குச் சான்று இல்லை. ராம்சேஸ் குழு அப்படியும் சுற்றும்; அவர் அந்த நேரத்தில் தலைகளை எண்ணிக்கொள்வார்.

திரும்பும் வழியில் ஒலிபெருக்கியைக் கடைசியாக எடுப்பார். தமக்கென்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். ஓட்டுநரின் திறமை, பொறுமை, குடும்பத்தின் அளவு ஆகியவற்றை மட்டும் உருக்கமாக விவரித்து ஓர் உறையைச் சுற்றுக்கு விடுவார். உறை கனத்துத் திரும்பியதும் அதை வாங்கிக்கொள்வதும் பங்கு பிரிப்பதும் அவரே. ஓட்டுநருக்கு ஆங்கிலம் தெரியாது.