விரல் அளக்கும் வித்தகருக்கு

பெருமதிப்பிற்குரிய தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவன் பணிவோடு எழுதிக்கொள்வது.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில், பள்ளி லேப்பில் ஜேஇஇ விண்ணப்பம் போடப்போகிற பிள்ளைகளின் பட்டியலைக் கையில் எடுத்தீர்கள். "ஐஐடி மேடம் யாரு, எழுந்திரிங்க பார்ப்போம்" என்று என் மகளை எழுப்பி நிறுத்தினீர்கள். அவள் பெயர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. பிறகு கடைசி பெஞ்சில் இருந்த என்னைப் பார்த்து, "என்ன டெய்லரே, விரலுக்கேத்த வீக்கம் வேணாமா?" என்றீர்கள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஐயா, இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரை இஞ்ச் டேப் வைத்து அளக்கிறவன் நான். ஒரு சட்டை தைக்கக் கழுத்து, தோள், மார்பு, கை என்று ஏழெட்டு அளவு எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்த பிறகும் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். தாங்களோ டேப்பைத் தொடாமலே, ஒரே பார்வையில், இந்தப் பிள்ளையின் விரல் இத்தனை தடிமன், அது இவ்வளவுதான் வீங்கலாம் என்று சொல்லிவிடுகிறீர்கள். இந்தக் கலையைக் கற்றுக்கொடுத்தால் எனக்கு டேப் செலவு மிச்சம்.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் மெஷின் ஊசி ஏறி, என் ஆள்காட்டி விரல் கட்டைவிரலைவிடப் பெரிதாக வீங்கிவிட்டது. முன் அனுமதி வாங்காமல் வீங்கியதற்கு விரலின் சார்பில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலமே பக்கத்து ஆன்லைன் சென்டர் தம்பியிடம் போய் உட்கார்ந்தேன். நான் பத்தாவதோடு நின்றவன். அவன் வாசிக்க வாசிக்க அளவு நோட்டில் குறித்துக்கொண்டேன். ஜேஇஇ மெயின் தாள் 13 மொழிகளில் வருகிறதாம், அதில் தமிழும் ஒன்றாம். திருச்சி என்ஐடியில் பாதி இடங்கள் நம் மாநிலத்தில் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காம். ஐஐடிகளில் 2018 முதல் பெண் பிள்ளைகளுக்கென்று கூடுதல் இடங்கள் போட்டிருக்கிறார்களாம். வருமானம் ஒரு லட்சத்துக்குள் இருந்தால் அங்கே படிப்புக் கட்டணமே கிடையாது. ஐந்து லட்சம் வரைக்கும் மூன்றில் ஒரு பங்கு கட்டினால் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் இந்த மாதிரி இடங்களில் சேர்ந்தால் செலவை அரசே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள். ஐஐடிக்கு எழுத வேண்டிய அட்வான்ஸ்டு தாள் மட்டும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருமாம். அது அநியாயம், அதற்கு வேறு ஆளுக்கு வேறு கடிதம் எழுத வேண்டும்.

இதெல்லாம் தங்கள் நோட்டீஸ் போர்டில் இருந்திருக்கும் என்று மறுநாள் வந்து பார்த்தேன். போன சுதந்திர தின விழா அழைப்பிதழ் இருந்தது. சுற்றறிக்கைகள் வந்திருக்கும், விரலைவிடத் தாள் பெரிதாக இருந்ததால் ஒட்டாமல் விட்டிருப்பீர்கள்.

கூட்டம் முடிந்ததும் தாங்கள் தனியாக அழைத்துச் சொன்ன அறிவுரைக்கும் நன்றி. "பக்கத்து ஊர் காலேஜ்ல பி.காம். போடுங்க, பொம்பளப் புள்ளைக்கு டவுன் பஸ்ல டிக்கெட்டும் கிடையாது." பி.காம். நல்ல படிப்புதான். என் அக்கா மகள் அதே கல்லூரியில் பி.காம். படித்துத்தான் இன்று குடும்பத்தைத் தாங்குகிறாள். ஆனால் அவள் பிளஸ் டூவில் படித்தது காமர்ஸ் குரூப். என் மகள் படிப்பது கணக்கும் இயற்பியலும் வேதியியலும். சட்டைக்கு எடுத்த துணியில் தலையணை உறை தைத்துக் கொடுத்தால் எந்த வாடிக்கையாளர் வாங்குவார்?

இன்னொன்றும் அந்த ஆன்லைன் சென்டர் தம்பி சொன்னான். மெயின் எழுதுகிறவர்களில் சுமார் இரண்டரை லட்சம் பேரைத்தான் அட்வான்ஸ்டுக்கு விடுவார்களாம். மீதிப் பேரைக் கழிக்க அங்கே கம்ப்யூட்டர் இருக்கிறதாம். அதாவது வேண்டாம் என்று சொல்வதற்கு அங்கேயே ஏற்பாடு இருக்கிறது. அந்த வேலையைத் தாங்கள் ஏன் ஐயா சம்பளமில்லாமல் இழுத்துப்போட்டுச் செய்கிறீர்கள்? பள்ளியின் நூற்றுக்கு நூறு தேர்ச்சி கெட்டுவிடும் என்ற கவலை எனக்கும் புரிகிறது. ஆனால் ஜேஇஇயில் தோற்றவளைப் பிளஸ் டூவில் தோற்றவளாக யாரும் எண்ணுவதில்லையே.

வெள்ளிக்கிழமை இரவு அவள் என்னிடம் கேட்டாள்: "அப்பா, எனக்கு நெஜமாவே கணக்கு வருமா?" ஆறாம் வகுப்பிலிருந்து என் கடைக் கணக்கைப் போட்டுத் தருகிறவள் கேட்கிறாள். பதினேழு வயசுப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி ஊரைச் சிரிக்க வைக்க உனக்கு யாரய்யா அதிகாரம் கொடுத்தது? அவள் எழுதித் தோற்றுவிட்டுப் போகட்டும். எழுதவே கூடாது என்று சொல்ல நீ யார்?

மன்னிக்க வேண்டும். நூல் சிக்கிவிட்டது. தங்கள் பெருந்தன்மைக்கு முன்னால் இப்படிப் பேசலாமா? விரலுக்கேற்ற கோபம் வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடையை அடைத்துவிட்டு ஆன்லைன் சென்டரிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டோம். பெண் பிள்ளைக்குக் கட்டணம் 800 ரூபாய். "வீண் செலவு" என்று தாங்கள் எச்சரித்தது இந்தத் தொகையைத்தான். ரெண்டு பேண்ட் தைக்கிற கூலி. போட்டோவில் அவள் சிரிக்கவில்லை, சிரிக்கக் கூடாது என்று தம்பி சொல்லிவிட்டான். பிரிண்ட் எடுத்த தாளை அளவு நோட்டில், தங்கள் அளவு எழுதியிருக்கும் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.

அந்தப் பக்கத்தைத் திறந்ததும்தான் ஞாபகம் வந்தது. தாங்கள் பிரித்துத் தைக்கக் கொடுத்த இரண்டு பேண்டும் தயார். போன வருஷ அளவைவிட இடுப்பு இரண்டு இஞ்ச் கூடியிருக்கிறது. முதலில் தைத்தவர் யாரோ, உள்ளே தாராளமாகத் துணி விட்டுத் தைத்திருக்கிறார்; அதனால் சிரமமில்லாமல் பிரித்து விட்டுவிட்டேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். கூலி எண்பது ரூபாய்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள
டெய்லர்