மூட்டையும் பூச்சியும்

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போன் அடிக்கடி உறைந்து நிற்கிறது. ஃபேக்டரி ரீசெட் செய்துவிடலாமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா? முதலில் கட்டிலை உதறுங்கள். ஒரு நாள் சேஃப் மோடில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் நிறுவிய செயலிகள் எல்லாம் அப்போது உறங்கும். போன் ஒழுங்காக ஓடினால் குற்றவாளி அவற்றில் ஒன்று. கடைசியாக வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நீக்குங்கள்.

அப்படியும் தீராவிட்டால் ரீசெட்தான். அதற்குமுன் படங்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும் பேக்கப் ஆகிவிட்டனவா என்று கண்ணால் பாருங்கள். கூகுள் பாஸ்வேர்டு நினைவிருக்கட்டும். ஆண்ட்ராய்டு 5.1-இல் வந்த பாதுகாப்புப் பூட்டு, ரெகவரி மெனு வழியே அழித்தால் பழைய கணக்கைக் கேட்கும்.

முடிந்ததும் எல்லாச் செயலிகளையும் ஒரேயடியாக ஏற்றாதீர்கள். மூட்டையோடு மூட்டைப்பூச்சியும் திரும்பி வந்துவிடும்!