ஊவா மலைநாட்டில் தீம் கேக்கின் திணைக் கோட்பாடு: ஓர் ஆரம்பகட்ட ஆய்வு

பதுளை பஸ் நிலையத்தில் எந்தச் சனிக்கிழமை போனாலும் ஒரு பெண்ணைக் காணலாம். இரண்டு கையிலும் சதுரப் பெட்டி. கைப்பை தோளில் இல்லை, கழுத்தில் தொங்குகிறது. பசறை பஸ்ஸில் எந்த சீட்டில் குலுக்கல் குறைவு என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி நிற்கிறார். ஊவா மாகாணத்தின் தேயிலை பற்றியும் ரயில் பாதை பற்றியும் நூல்கள் உண்டு. இந்தப் பெட்டியைப் பற்றி ஒரு துண்டுப் பிரசுரம்கூட இல்லை. புலமை உலகின் இந்த அலட்சியத்தை இனியும் பொறுப்பதற்கில்லை என்பதால் இக்கட்டுரை எழுதப்படுகிறது.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுப்போம். கடைக் கேக் இதில் அடங்காது. பெத்தோவனின் மெட்டை ஊதிக்கொண்டு லயத்து வாசலுக்கு வரும் சூன் பாண் ஓட்டோவின் கேக்கும் அடங்காது. பெறுபவரின் தொழில், ஆசை, பைத்தியம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை உருவமாக மேலே ஏற்றி, வீட்டிலேயே சுட்டு, சொந்தத்துக்கோ சிநேகத்துக்கோ கூட வேலை செய்பவருக்கோ காசு வாங்கியும் வாங்காமலும் கொடுக்கப்படுவதே தீம் கேக். ‘வாங்கியும் வாங்காமலும்’ என்பது அச்சுப் பிழையல்ல. மா, சீனி, முட்டைக்குக் காசு வாங்கப்படும், செய்கூலி வாங்கப்படாது. வாங்கவில்லை என்ற விஷயம் மட்டும் இரு தரப்புக்கும் பத்து வருஷம் ஞாபகத்தில் இருக்கும்.

வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1840 பெப்ரவரியில் விக்டோரியா மகாராணிக்குக் கல்யாணம் நடந்தது. கேக் ஏறத்தாழ 300 றாத்தல். அதே 1840இல் இலங்கையில் முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. மலைநாட்டுக் காணிகள் அரசின் கைக்குப் போய்க் கோப்பித் தோட்டங்களாக மாறின. தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் பாட்டன் பூட்டன் கடல் தாண்டி வந்தார்கள். கேக்கும் காணிச் சட்டமும் ஒரே ஆண்டில் வந்தது தற்செயல் என்று வரலாற்றுத் துறையினர் சொல்லக்கூடும். அவர்கள் துரை பங்களாவின் கோக்கியை விசாரித்துப் பார்க்கவில்லை. கேக் அந்தக் குசினியிலிருந்துதான் இறங்கியிருக்க வேண்டும் என்பது இவ்வாய்வாளரின் துணிபு. பங்களாவிலிருந்து லயத்துக்கு ஒரு மைல் தூரம். வந்து சேர நூறு வருஷத்துக்கு மேல் பிடித்தது. மகாராணியின் கேக்கில் ஒரு துண்டு, பெட்டியோடு, 2016இல் லண்டனில் ஏலம் போனது. கல்யாண கேக்கைத் துண்டு போட்டுப் பெட்டியில் கொடுக்கும் பழக்கம் நம்மிடமும் உண்டு. ஆனால் பெட்டிக்குள் துண்டு மறுநாள் காலைவரை தங்கியதற்கு நமது மாகாணத்தில் சான்று கிடைக்கவில்லை.

முதற்பொருள்: நிலமும் பொழுதும்

தொல்காப்பியர் முதல், கரு, உரி என்று மூன்றாக வகுத்தார். கேக்குக்கும் அதுவே போதும்.

நிலத்தைப் பார்ப்போம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 680 மீட்டர். பண்டாரவளை 1,230 அளவில். அப்புத்தளை 1,430ஐத் தொடும். முந்நூறு மீட்டர் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் நிலை ஏறத்தாழ ஒரு பாகை குறையும். பதுளையில் 98 பாகைக்குக் கிட்டக் கொதிக்கும் தண்ணீர் அப்புத்தளையில் 95லேயே கொதித்துவிடும். காற்றழுத்தமும் குறைவு என்பதால் பேக்கிங் பவுடரிலிருந்து வரும் வாயு அவசரப்பட்டு ஊதும். கேக் ஆசையாக எழும்பும். உள்ளே வேகுமுன்னர் நடு அமுங்கிவிடும். விஷயம் தெரிந்த அப்புத்தளை அக்காமார் பவுடரில் ஒரு சிட்டிகை குறைத்து, மாவில் ஒரு கரண்டி கூட்டுவார்கள். தெரியாதவர்கள் தீமை மாற்றுவார்கள். ஊவாவின் சிறந்த கிரிக்கெட் மைதானங்களும், தாமரைக் குளங்களும், ஒரு நீச்சல் தடாகமும் இவ்வாறு நடு அமுங்கிய கேக்குகளின் மேல்தான் அமைக்கப்பட்டன. தீமை முதலில் தீர்மானித்துவிட்டுக் கேக் சுடுகிறார்கள் என்ற பொதுநம்பிக்கை இதனால் தகர்கிறது. கேக்தான் தீமைத் தீர்மானிக்கிறது.

பொழுதுக்கு வருவோம். தென்மேற்குப் பருவக்காற்று மழை முழுவதையும் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, மலை தாண்டி எங்கள் பக்கம் இறங்கும்போது வறண்டு வருகிறது. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை இந்தக் கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு உலகம் கூடுதல் விலை கொடுக்கும் அந்த மணம் இந்தக் காற்றில்தான் ஏறுகிறது. அதே காற்றில் ஃபொண்டன்ட் அரை மணித்தியாலத்தில் வெடித்துவிடும். ஓகஸ்ட் மாதத்தில் பிறந்த பிள்ளையின் கேக்கில் ஸ்பைடர்மேனுக்கு எழுபது வயது ஆகியிருக்கும். ஒக்டோபர் பிறந்து மழை தொடங்கியதும் கதை தலைகீழ்: ஐசிங் வியர்க்கும், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கும். ஒக்டோபர் 6 ஆசிரியர் தினம் என்பதை இங்கே கவலையோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது. கரும்பலகை வடிவக் கேக்குகள் அன்றைக்கு ஏராளம். அவற்றில் எழுதிய ‘நன்றி’ மத்தியானத்துக்குள் கரைந்து, எந்த டீச்சருக்கு நன்றி என்ற விபரமே இல்லாமல் போய்விடும்.

நிலமும் பொழுதும் சேருமிடம் பாதை. ஹாலிஎலயிலிருந்து மேலே ஏறும் வளைவுகளில் மடியில் கேக்கோடு உட்கார்ந்தவருக்கு மட்டுமே தெரிந்த பௌதிகவியல் ஒன்று உண்டு. வளைவு இடப்பக்கம் என்றால் கேக் வலப்பக்கம் சாயும். ஆகவே முழங்கால் முன்கூட்டியே உயர வேண்டும். ரயில் இதைவிட நிதானம். 1924இல் பதுளை வரை வந்த பாதை தெமோதரையில் ஒரு வட்டம் அடித்து, ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்ததென்று ஒரு கதை உண்டு. ஐசிங் ரோஜாவைச் சுற்றும் விரலும் அதே சுற்றைத்தான் சுற்றுகிறது; ஆனால் அந்த விரலுக்கு உரியவரைப் பற்றி இன்னும் கதை கிளம்பவில்லை. பொடி மெனிக்கே ரயிலில் ஏறிய கேக் குலையாமல் வட்டமடித்து இறங்கும். பிரச்சினை, ரயில் வரும் நேரத்தை நம்பிப் பிறந்தநாள் வைக்க முடியாது என்பதுதான்.

எல்ல ஊருக்குப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தைக் கேக்கில் கட்டும் துணிச்சலும் இப்போது வந்திருக்கிறது. அசல் பாலம் 1921இலிருந்து உருக்குக் கம்பியின்றி, கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக நிற்கிறது. கேக் பாலத்துக்கு வளைவுக்கு வளைவு பிஸ்கட் முட்டு வேண்டும். எட்டாவது வளைவில் மாஜரின் இளகும்போதுதான் வெள்ளைக்காரனின் பொறியியல் மேல் நமக்கு உண்மையான மரியாதை பிறக்கிறது.

கருப்பொருள்

மா, சீனி, முட்டை, மாஜரின், வனிலா எசன்ஸ். இதில் விவாதத்துக்கு இடமில்லை. கருவிகள்தான் சுவாரசியம். பால்மா பக்கெட்டை உள்பக்கம் கழுவித் துடைத்து, கூம்பாகச் சுருட்டி, நுனியைக் கத்தரித்தால் பைப்பிங் பேக். கவிழ்த்த சட்டியின் மேல் தட்டு வைத்தால் சுழல் மேசை. ஓவன் இல்லாத வீட்டில் அகன்ற பானைக்குள் மணல், மூடிமேல் தணல். தேயிலையைப் பலகைப் பெட்டியில், உள்ளே வெள்ளி போன்ற தாள் ஒட்டி ஏற்றுமதி செய்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பலகையும் தாளும் கேக் போர்டுக்கென்றே படைக்கப்பட்டவை. தேயிலை ஸ்டோர்கள் காகிதச் சாக்குக்கு மாறியதால் கேக் கலைக்கு நேர்ந்த நட்டத்தை எந்தப் பொருளியலாளரும் கணக்கிடவில்லை.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. கேஸ் இல்லை, பால்மாவுக்கு வரிசை. பைப்பிங் பேக்குகள் அருகிப்போன காலம் அது. அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியானது, முதலில் பேக்கரிகளுக்கென்று. வீட்டில் கேக் செய்யும் பெண் பேக்கரியா, வீடா என்ற தத்துவக் கேள்வி அப்போதுதான் எழுந்தது. இன்றுவரை தீர்ப்பு வரவில்லை.

உரிப்பொருள்

புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல். முதலாவதைப் பற்றி எழுத ஆய்வாளரின் வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. பிரிதலுக்கு விமானம்: மகள் குவைத்துக்குப் போகிறாள், கேக்கின் மேல் நீல ஐசிங் வானம், அதில் சீனி விமானம். இருத்தல் என்பது கேமரா தம்பி வரும்வரை மெழுகுதிரியைக் கொளுத்தாமல் காத்திருப்பது.

ஊடல்தான் விரிவாகப் பேச வேண்டியது. தோட்டத்தில் கேக்கை எடையில் கணக்கிடுவதில்லை, காம்பராவில் கணக்கிடுகிறார்கள். ஒரு லயத்தில் பன்னிரண்டு காம்பரா என்றால் பன்னிரண்டு துண்டு நிச்சயம். மேல் லயத்துச் சொந்தம் நான்கு, பணிய லயத்துச் சிநேகம் மூன்று, பிள்ளைக் காம்பரா ஆயாவுக்கு ஒன்று, கோயில் பூசாரிக்கு முட்டை சேராத ஒன்று. கடைசித் துண்டுகள் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகும். ரோஜா இருந்த துண்டு யார் வீட்டுக்குப் போனது என்பது அன்றிரவே தெரிந்துவிடும். நீல ஐசிங் தின்ற பிள்ளையின் நாக்கு பொய் சொல்லாது. பங்கு வரவில்லை என்று யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள். அடுத்த மாதம் அவர்கள் வீட்டுச் சடங்குக்கு அழைப்பு வராதபோது விளங்கிக்கொள்ள வேண்டும்.

விலையும் இவ்விடத்தில் வருகிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயானது, 2024இல் 1,350. பல வருஷம் கத்திக் கிடைத்த தொகைகள் இவை. ஆகவே கேக்கின் விலையை ரூபாயில் கேட்பது நாகரிகமல்ல. மலையில் நின்று போட்ட பேரில், அதாவது நாள் வேலையில், கேட்க வேண்டும். மூன்று பேர் கேக், ஐந்து பேர் கேக். ஐந்து பேருக்கு மேல் போனால் மேலிரண்டு தட்டும் ரெஜிபோம், அடித்தட்டு மட்டுமே கேக். கத்தி எங்கே இறங்க வேண்டும் என்று அடித்தட்டில் ஒரு முத்து வைத்து அடையாளம் இட்டிருப்பார்கள். வெட்டும் மாமனுக்குத் தெரியும், கேமரா தம்பிக்குத் தெரியும், சபைக்கே தெரியும். ஆனாலும் கத்தி இறங்கும்போது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

இவ்வளவையும் ஆராய்ந்தபின் ஒரு நூற்பா தானே அமைகிறது:

தீமெனப் படுவது தின்னப் படாஅதே.

இதன் பொருள்: தீம் என்று சொல்லப்படுவது தின்னப்படாதது என்றவாறு. ‘படாஅதே’ என்றதால், தின்னத் தகாதது அன்று, தின்ன மனம் வராதது என்பது பெறப்படும். பார்பி பொம்மை, கார், கிரிக்கெட் பட், விமானம் யாவும் எடுத்துக் கழுவியோ கழுவாமலோ ஷோகேஸுக்குள் போகும். விருந்தினர் தின்பது தீமுக்கு அடியில் கிடக்கும் வெறும் பட்டர் கேக்கை.

புறனடை

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு கணக்கப்பிள்ளை ஓய்வுபெற்றார். பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் பெண் அவருக்கு ஒரு செக்ரோல் கேக் செய்தாள். விரித்த பேரேடு, இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் கட்டங்கள். பல்குத்தும் குச்சியைச் சாயத்தில் தொட்டு, பழைய பேரேட்டின் ஒரு பக்கத்தை அப்படியே எழுதியிருந்தாள். முழுப்பேருக்கு ஒரு கோடு. கொழுந்து குறைந்தவர்களுக்கு ‘அரை’. கோடுகள் கோணாமல் இருக்க பிள்ளைகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அடியில் வைத்து அளந்தாளாம்.

சபையில் எல்லோரும் படம் எடுத்தார்கள். பென்சன் போய்ப் பத்து வருஷமான ஒரு பாட்டி மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கேக்கின் மேல் குனிந்து வரி வரியாகப் படித்தார்.

“ஐயா, இது யாரு, நானா?”

“நீதான் ஆத்தா.”

“இருவத்தேழு வருஷம் அரப்பேரு போட்டீங்க. கேக்குலயாச்சும் முழுப்பேரா போடக்கூடாதா?”

கணக்கப்பிள்ளை சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். கேக் செய்த பெண் குச்சியைத் தேடினாள், சாயம் காய்ந்துபோயிருந்தது. பாட்டி காத்திருக்கவில்லை. தன் பெயரிருந்த வரியை, ‘அரை’யோடு சேர்த்து, இரண்டு விரலால் பெயர்த்து வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடித்ததும் பிளேன்டீ கேட்டார்.

இதனைப் புறனடையாகக் கொள்க.