வரட்டும் மாமா

திருவையாற்றில் தொடங்கித் திருத்துறைப்பூண்டி வரை எந்த ஊர் டீக்கடை பெஞ்சிலும் இவரைப் பார்க்கலாம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். தோளில் துண்டு, சட்டைப் பையில் போன். போனின் முகத்தில் விரிசல், முதுகில் ரப்பர் பேண்ட். பேட்டரி வீங்கிப் பின்மூடி மூட மறுத்த நாளிலிருந்து அந்த ரப்பர் பேண்ட்தான் போனைக் குடும்பமாக வைத்திருக்கிறது. "புது போன் வாங்கலையா மாமா?" என்று கேட்டால், டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு "வரட்டும்" என்பார்.

வர வேண்டியது அடுத்த மாடல். போன வருஷமும் அதுதான் வர வேண்டியிருந்தது; வந்தது. ஆனால் கடைக்கு வந்த அன்றே அது 'இந்த மாடல்' ஆகிவிட்டது. மாமாவுக்கு வேண்டியது அடுத்தது. ஊர்ப் பிள்ளைகள் பெயரே வைத்துவிட்டார்கள்: வரட்டும் மாமா.

கஞ்சர் என்று நினைக்க வேண்டாம். டிராக்டருக்கு டயர் மாற்ற யோசிக்காதவர். காத்திருப்பது டெல்டாக்காரர்களுக்குக் கைவந்த கலை, அவ்வளவுதான். ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று சித்திரையிலேயே பேச ஆரம்பிக்கும் ஜனம் நாம். 2024இல் ஜூலை 28 வரை பேசிக்கொண்டிருந்தோம். 120 அடி அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று தெரியாமல் இங்கே பல் விளக்குவதில்லை. மாமா அதோடு இன்னொரு நீர்மட்டத்தையும் கவனிக்கிறார். "மேட்டூர் 112 அடி, வரத்து குறைஞ்சிருக்கு. பேட்டரி 5,000ங்கறான், எனக்கு நம்பிக்கை இல்ல" என்று ஒரே மூச்சில் சொல்வார். இன்னும் செய்தே முடிக்காத போனின் பேட்டரி அது.

2025 செப்டம்பரில் ஐபோன் 17 வந்தது. தொடக்க விலை 82,900 ரூபாய். அதே மாதம் அரசு கொள்முதலில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய் ஆனது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க மாமாவைத் தவிர யாருக்குத் தோன்றும்? 40 கிலோ சிப்பமாக 82 சிப்பம். நன்றாக விளைந்தால் ஏறக்குறைய நாலு மா கண்டுமுதல். "நாலு மா நெல்லை சட்டைப் பையில வச்சுக்கிட்டு எப்படிப்பா குனிஞ்சு நாத்து பறிக்கிறது?" என்றார். பெஞ்சில் யாரிடமும் பதில் இல்லை.

உண்மையான சிக்கல் விலையில் இல்லை, பருவத்தில் இருக்கிறது. அமெரிக்காக்காரன் போனை இறக்குவது செப்டம்பரில். அப்போது மாமாவின் பணம் முழுக்க நாற்றாகவும் உரமாகவும் சம்பா வயலில் நிற்கும். கையில் பணம் புரள்வது தைக்குப் பிறகு. அதனால் சாம்சங் மீது அவருக்குத் தனி மரியாதை. 2024இல் ஜனவரி 17, 2025இல் ஜனவரி 22 என்று பொங்கல் முடிந்த கையோடு பெரிய போனை அறிவித்தார்கள். "கொரியாக்காரனும் சோறு திங்கிறவன்ல? அறுப்பு எப்பன்னு அவனுக்குத் தெரியுது" என்பார். ஆனால் அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலே போனால் திரும்பவும் தார் ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டும். ஒருவழியாகப் பணம் ஏறினால் முதலில் அத்தையின் நகை சங்கத்திலிருந்து திரும்பும். அடுத்து உரக்கடை பாக்கி. அதற்கப்புறம் மிச்சத்தை எண்ணிப் பார்க்கும்போது பங்குனி பிறந்திருக்கும், செப்டம்பர் போனைப் பற்றிய வதந்தியும் பிறந்திருக்கும். இந்த நேரத்தில் பழையதை வாங்க அவர் என்ன பைத்தியமா?

புதுப் போனில் அவர் எதிர்பார்க்கும் வசதிகள் கம்பெனிக்காரர்களின் கனவில்கூட வராதவை. ஐந்து மடங்கு ஜூம் வரட்டும், திண்ணையில் இருந்தபடியே வடக்கு மடை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்றார் ஒருநாள். "பார்த்துட்டு? அடைக்கிறதுக்கு யாரு போறது, போனா?" என்று உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது. சேற்றில் ஊறிய அவர் கட்டைவிரலை ரேஷன் கடை மிஷினே ஏற்பதில்லை, அதனால் கைரேகைப் பூட்டில் நம்பிக்கை போய்விட்டது. முகம் பார்த்துத் திறக்கிற போன் வேண்டும். அதுவும் தலைப்பாகையோடும் தெரிய வேண்டும், மூன்று நாள் தாடியோடும் தெரிய வேண்டும்.

அவருடைய முதல் போன் நோக்கியா 1100. 2003இல் வந்தது, தலையில் டார்ச் வைத்தது. முறைத்தண்ணீர் பாய்ச்ச ராத்திரியில் வரப்பில் நடக்கிறவருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? வயல்காரருக்கு வேண்டியதை ஒரு போன் கேட்காமலே கொடுத்தது அந்த ஒரு தடவைதான் என்பது என் கட்சி. மாமா ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்டால் காத்திருக்க ஒன்றும் இருக்காதே.

2024 தொடக்கத்தில் ஆப்பிள் கம்பெனி ஒரு வம்பை விலைக்கு வாங்கியது. நனைந்த போனை அரிசிக்குள் போடாதீர்கள், அரிசித் துணுக்கு உள்ளே போய்க் கெடுத்துவிடும், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள் என்று அறிவுரை சொன்னது. சொன்ன விஷயம் சரிதான். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? வாய்க்காலில் விழுந்த போனை மூன்று தலைமுறை அரிசிப் பானையில் போட்டு எடுத்ததுபோல மாமா பொங்கிவிட்டார். "ஆடுதுறையில 1922லேர்ந்து நெல்லை ஆராய்ச்சி பண்றாங்க. அங்க வந்து ஒரு வார்த்தை கேட்டானா?" பெஞ்ச் உடனே இரண்டு கட்சியானது. பச்சரிசிதான் ஈரத்தை இழுக்கும் என்றது ஒன்று. புழுங்கல்தான் என்றது இன்னொன்று. "புழுங்கல் ஒருதரம் ஊறி வெந்தது. அதுக்கு ஈரத்துமேல ஆசை விட்டுப் போயிருக்கும்" என்று மாமா தீர்ப்புச் சொன்னார். அவருடைய சொந்தப் போன் பச்சரிசிக்குள் கிடந்தபோது, கொழுக்கட்டைக்கு அரிசி அளக்கப் போன அத்தை, பானைக்குள்ளிருந்து டி.எம்.எஸ். குரல் கேட்டுப் படியைப் போட்டுவிட்டு ஓடிவந்தது தனிக்கதை.

எல்லாம் சிரிப்பு இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரையேறியது. தென்னையோடு டவரும் சாய்ந்தது. வேதாரண்யம், பேராவூரணிப் பக்கம் சொந்தங்கள் இருக்கிறார்களா என்று கேட்கக்கூட வழியில்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டுத் திண்ணையில் ஊர் போன்கள் எல்லாம் சார்ஜுக்கு வரிசையில் கிடந்தன. சார்ஜ் ஏறியும் சிக்னல் இல்லை. 2022இல் ஐபோன் 14 டவரே இல்லாமல் செயற்கைக்கோள் வழியாக ஆபத்துச் செய்தி அனுப்பும் என்று படித்தபோது மாமா பெஞ்சிலிருந்து எழுந்தே விட்டார். "இதுதான்டா போன்!" அந்த வசதி நம் நாட்டுக்கு இல்லை என்று கடைசி வரியில் இருந்தது. திரும்ப உட்கார்ந்து, "வரட்டும்" என்றார். அன்றைக்கு யாரும் கேலி செய்யவில்லை.

இவரால் ஊருக்கு நஷ்டமும் உண்டு. ஆசையாகப் போன் வாங்கி வருகிற பையன் இவரிடம் காட்டாமல் இருக்க முடியாது. உழவன் செயலி போடுவதிலிருந்து பழைய போட்டோ மாற்றுவது வரை இவர்தான் ஆள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "நல்லாத்தான் இருக்கு மாப்ளே. ஒரு ரெண்டு மாசம் மட்டும் பொறுத்திருந்தீன்னா..." என்று இழுத்து நிறுத்துவார். மாப்பிள்ளைக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

ஆனாலும் அவர் கணக்கில் ஒரு நியாயம் இருக்கிறது. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர இரண்டு மூன்று நாள், அப்புறம் ஆறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து கடைமடைக்கு மெல்லத்தான் வரும். போன் வசதிகளும் அந்த வழியில்தான் வருகின்றன. 2013இல் ஐபோன் 5எஸ் கைரேகைப் பூட்டோடு வந்தபோது அது பணக்காரர் சமாச்சாரம். இன்றைக்குப் பத்தாயிரம் ரூபாய் போனிலும் இருக்கிறது. மாமா நிற்கும் இடம் கடைமடை. என்ன, இவர் மடைக்கு வருவதற்குள் மேட்டூரில் வேறு தண்ணீர் திறந்திருப்பார்கள்.

போன தீபாவளிக்கு அந்தத் தண்ணீர் வந்தும் சேர்ந்தது. சென்னையிலிருந்து வந்த மகன் தனக்குப் புதியது வாங்கிக்கொண்டு பழையதை அப்பாவிடம் நீட்டினான். மூன்று வருஷத்துப் போன், கீறல்கூட இல்லை. மாமா கொஞ்ச நேரம் கை நீட்டவில்லை. பிறகு வாங்கி, ரப்பர் பேண்டை அவிழ்த்து, சிம்மை மாற்றிப் போட்டார். முகத்தைக் காட்டினார், திறந்தது. தலைப்பாகை கட்டிக் காட்டினார், அதற்கும் திறந்தது. "வாங்கிட்டீங்களா மாமா?" என்று பார்த்தவர்கள் கேட்டதற்கு, "இது வந்ததுப்பா. வாங்கறது வேற" என்றார்.

திங்கட்கிழமை ராத்திரி பஸ் ஏற்றிவிடப் போனவர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகனிடம் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, நீ கையில வச்சிருக்கியே, அதை எப்ப மாத்தப் போற?"