படி தாண்டாப் பதி

பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, பி.எச்டி.யைக் குறைந்தது 3 ஆண்டு செய்ய வேண்டும். 6 ஆண்டு வரை இழுக்கலாம். மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு சலுகை. ஆனால் மொத்தம் 10 ஆண்டைத் தாண்டக் கூடாது. வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டேன். ஆய்வாளரின் கணவருக்கு என்று ஒரு சலுகையும் கிடையாது.

என் மனைவி பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. பகுதிநேரமாகச் சமயவியலில் ஆய்வு செய்கிறாள். எடுத்துக்கொண்ட தலைப்பு, ஸ்ரீரங்கம் பங்குனி உற்சவத்தில் நடக்கும் பிரணய கலகம். ஊரில் மட்டையடி என்றால்தான் தெரியும். உற்சவத்தின் ஆறாம் நாள் நம்பெருமாள் காவிரியைக் கடந்து உறையூருக்கு வந்து, கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்து காட்சி தரும் சேர்த்தியில் இருந்துவிட்டுத் திரும்புவார். உறையூர் எங்கள் கரை. ஆகவே எங்களைப் போன்ற திருச்சி கே.கே. நகர்வாசிகளுக்கு இந்த வழக்கில் நாச்சியார் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

உறையூர் போய்வந்த நம்பெருமாள் பங்குனி உத்திரத்தன்று ரங்கநாயகித் தாயார் சன்னதிக்கு வந்தால், படாரென்று கதவு சாத்தப்படும். பின்வாங்குவார், திரும்ப வருவார், மறுபடியும் கதவு. பூ, பழம், வெண்ணெய் எல்லாம் பறந்து வரும். வாழை மட்டையும் உண்டு. மோதிரம் தொலைந்தது, தேடிப் போனேன் என்று பெருமாள் தரப்பில் விளக்கம் சொல்லப்படும். அப்படியானால் கண் ஏன் சிவந்திருக்கிறது, உடம்பில் கீறல் ஏது என்று தாயார் தரப்பில் குறுக்கு விசாரணை. கடைசியில் நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்து வைத்த பிறகே கதவு திறக்கும். அதன் பிறகு தாயாரோடு, வருஷத்துக்கு ஒரே ஒரு முறை காணக் கிடைக்கும் சேர்த்தி.

இதில் எங்கள் குடும்பத்தைப் பாதித்த விஷயம் வேறு. தாயாருக்குப் ‘படி தாண்டாப் பத்தினி’ என்று பெயர். வீதி உலா எல்லாம் பெருமாளுக்கு மட்டும்தான். தாயார் தன் சன்னதியை விட்டு வெளியே வருவதில்லை. இதைப் பற்றி ஒரு முழு அத்தியாயம் எழுதியிருக்கிற என் மனைவி, சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் படி தாண்டிவிடுகிறாள். கே.கே. நகரிலிருந்து சென்ட்ரல் பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து ஒன்றாம் நம்பர் பஸ், நேரே ஸ்ரீரங்கம். வீட்டில் என் அம்மா, பிளஸ் டூ படிக்கிற பையன், குக்கர், நான். 2022 கடைசியில் காவிரிப் பாலத்தை மராமத்துக்காக மூடினார்களே, அப்போது ஆராய்ச்சி கொஞ்சம் ஆறும் என்று உள்ளூர சந்தோஷப்பட்டேன். பைபாஸ் வழியாகச் சுற்றிக்கொண்டு போனாள். பாலம் திறந்த பிறகும் சுற்று வழி நேரத்துக்கே வீடு திரும்பிக்கொண்டிருந்தாள் என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வீட்டில் சாப்பாட்டு மேஜை இருக்கிறதா என்று யாராவது கேட்டால் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். அதன் மேல் கோயிலொழுகு, 1982இல் வெளிவந்த ஸ்ரீரங்கம் கல்வெட்டுத் தொகுதியின் ஜெராக்ஸ், மஞ்சள் சீட்டுகள், மூடியில்லாத ஹைலைட்டர்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். ஒருநாள் ரசக் கிண்ணத்தை வைக்க இடம் தேடி, ஒரு தாள்கட்டைச் சற்றே நகர்த்தினேன். “அது விஜயநகர காலம், தொடாதீங்க!” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. அதே 1982இல் கனடாவிலிருந்து வந்த பால் யங்கர் என்ற அறிஞர் இந்தப் பங்குனி உற்சவத்தைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அவர் விட்டுவைத்தது என்ன என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ‘ரிசர்ச் கேப்’ என்று பெயராம். அவர் எதையுமே விட்டுவைக்கவில்லையோ என்ற பயத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வாரம் யாரும் சிரிக்கவில்லை.

மேல்வீட்டு மாமி முழங்கால் வலிக்கு யோசனை கேட்டு வந்தார். பி.எச்டி. டாக்டர் வேறு என்று மாமிக்கும் தெரியும். ஏதோ பேச்சுக்குக் கேட்டார். என் மனைவி விடவில்லை. கோயிலுக்குள் தன்வந்திரி சன்னதி இருப்பதையும், கோயிலின் ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததாக 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்வதையும் விளக்கினாள். மாமி நின்றுகொண்டே கேட்டார். வலி கூடித்தான் போயிருக்கும்.

பிறகு பத்து சதவீத விதி. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒற்றுமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதற்கு மேல் போனால் வம்பு. சாஃப்ட்வேரில் போட்டுப் போட்டுப் பார்த்ததில் அந்தப் பழக்கம் அவளுக்கு வாய்க்கும் வந்துவிட்டது. “ஆபீஸில் மீட்டிங் நீண்டுபோச்சு” என்றேன் ஒருநாள். “இது போன செவ்வாய்க்கிழமை சொன்னது. மேற்கோள் குறி போடுங்க” என்றாள். நம்பெருமாள் மோதிரம் என்ற ஒரே காரணத்தை ஆண்டாண்டுகாலமாகச் சொல்லிவருகிறார், அவருக்கு மட்டும் செக் கிடையாதா என்று கேட்டேன். “அது மரபு. உங்களுது சோம்பேறித்தனம்.”

ஒரு சனிக்கிழமை இரவு மணி பத்து. ஆள் வரவில்லை, போனும் எடுக்கவில்லை. வரட்டும், தாயார் காட்டிய வழி இருக்கிறதே என்று தாழ்ப்பாள் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்தேன். மணி அடித்தது. கதவைத் திறக்காமலே, “ஏன் இவ்வளவு லேட்?” என்றேன். வெளியே சில விநாடி சத்தமில்லை. அப்புறம் பேப்பர் புரட்டும் ஓசை.

“கேள்வி சரிதாங்க. ஆனா வரிசை தப்பு. முதல்ல மோதிரம் எங்கேன்னு கேக்கணும்.”

“நான் கோபமா இருக்கேன்.”

“தெரியுது. அப்படியே இருங்க, குறிச்சுக்கறேன். கதவு சாத்தின பக்கம் இருக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு கைடு கேட்டுட்டே இருக்கார்.”

என் கோபம் நான்காம் அத்தியாயத்தில் அடிக்குறிப்பாகும் என்று தெரிந்த பிறகு அதைப் பிடித்து வைத்துக்கொள்வது சிரமம். அதற்குள் அம்மா வந்து தாழ்ப்பாளை நீக்கினாள். “ரெண்டு பேரும் வந்து தோசை சாப்பிடுங்க, மாவு புளிச்சுண்டே இருக்கு.” நம்மாழ்வார் இவ்வளவு சுருக்கமாகப் பேசியிருக்க மாட்டார்.

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு நானும் கள ஆய்வுக்குப் போனேன். டார்ச், தண்ணீர் பாட்டில், உபரி பேனா எல்லாம் என் பொறுப்பு. ராமானுஜர் சேர்த்தியின் முன் நின்று கத்யத்ரயம் சொல்லிச் சரணாகதி செய்தது ஒரு பங்குனி உத்திரத்தன்றுதான் என்பது மரபு. கூட்டம் என்னை ஒரு தூணோடு சேர்த்து அழுத்தியதில் எனக்கும் வேறு வழி இருக்கவில்லை. எதிரே என் மனைவி, நெற்றியில் வியர்வை வழிய, யாரோ ஒரு பாட்டி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தாள். கதவு சாத்தும்போது தாயாருக்கு உண்மையிலேயே கோபமா என்று கேட்டாள். பாட்டி அவளை ஏற இறங்கப் பார்த்து, “உனக்குக் கல்யாணம் ஆயிடுத்தோன்னோ?” என்றார். அந்தப் பதில் ஆய்வேட்டின் முடிவுரையில் இடம்பெறுகிறது. என் கருத்தில், நூல்கள் எல்லாவற்றையும்விட அதுதான் தேறும்.

ஆய்வேடு கொடுத்தாகிவிட்டது. இனி வைவா. அது பொது நிகழ்ச்சி. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். தேதி தெரிந்ததும் சொல்லி அனுப்புகிறேன். ஸ்வீட், காரம், காபி என் செலவு. அவசியம் வாருங்கள், வயிறார சாப்பிடுங்கள். தயவுசெய்து கேள்வி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.