அட்டவணைப்படி இல்லை

போன மார்கழியில் என்னை அரசியலுக்கு அழைத்தார்கள். அழைத்தது கட்சியும் அல்ல, தலைவரும் அல்ல. எங்கள் ஊர்த் தபால் நிலையத்துக் கவுன்ட்டர் அம்மையார், மன்னார்குடிக்குப் போக வேண்டிய பார்சலை எடை போட்டபடியே அழைத்தார். “கவுன்சில்ல ஒரு இடம் காலியா இருக்கு, மை லவர். நீங்க ஏன் வரக் கூடாது?”

பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் கார்ன்வாலுக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இங்கே கடைக்காரர், பஸ் டிரைவர், பல் டாக்டர் என்று யாரும் யாரையும் ‘மை லவர்’ என்றோ ‘மை ஹேண்ட்சம்’ என்றோதான் கூப்பிடுவார்கள். நம் பக்கத்து ‘கண்ணு’, ‘ராசா’ கணக்கு. அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் வெளியே வந்ததும் கேட்டாள்.

“அந்தம்மாவுக்கு எழுபது வயசு இருக்குமா?”

“எழுபத்தஞ்சு.”

“சரி, அப்ப நில்லுங்க.”

மச்சினனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அவன் ஒன்றியத்து அரசியல் தெரிந்தவன். “எவ்வளவு செலவாகும்?” என்றான். ஒன்றும் ஆகாது என்றேன். “எவ்வளவு வரும்?” ஒன்றும் வராது என்றேன். கொஞ்ச நேரம் லைனில் சத்தமே இல்லை. “அத்தான், அக்காகிட்ட குடுங்க” என்றான்.

அவனுக்குப் புரியவைக்க முடியவில்லை, உங்களுக்காவது சொல்கிறேன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கால்தான் கார்ன்வால். மூன்று பக்கம் கடல், நாலாவது பக்கம் டேமர் ஆறு. ஆற்றின் மேல் 1961இல் திறந்த பாலம் ஒன்று இருக்கிறது. அதில் உள்ளே வரக் காசு இல்லை, வெளியே போகத்தான் சுங்கம். அபிமன்யுவுக்கு இந்த ஏற்பாடு பழக்கமானது. உள்ளே இருப்பவர்களில் பலர் தங்களை இங்கிலீஷ்காரர் என்றே ஒப்புக்கொள்வதில்லை. தனி மொழி இருந்தது; அதைப் பேசி வளர்ந்த கடைசி ஆட்களில் ஒருவர் என்று சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் என்ற மீன்காரப் பாட்டி 1777இல் காலமானார். அதன் பிறகும் விடாமல் தூசி தட்டி எடுத்து, இப்போது தெருப்பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1951இல் தொடங்கிய மெபியன் கெர்னோ என்ற சொந்தக் கட்சி உண்டு. 2014இல் கார்ன்வால்காரர்களைத் தேசியச் சிறுபான்மையினர் என்று அரசாங்கமே அங்கீகரித்தது. அன்று எங்கள் ஊர் மதுக்கடையில் ஒரு பெரியவர் என் முதுகில் தட்டி, “இப்ப நானும் மைனாரிட்டி, நீயும் மைனாரிட்டி” என்றார். அவர் குரலில் சந்தோஷம்தான் இருந்தது.

சுமார் ஐந்தே முக்கால் லட்சம் பேர் வாழும் இந்தக் கவுண்டிக்கு ட்ரூரோ நகரத்தில் ஒரு பெரிய கவுன்சில். 2009 வரை ஆறு மாவட்டக் கவுன்சில்கள் தனியாக இருந்தன. அவற்றைக் கலைத்து எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே, ஊருக்கு ஊர் பாரிஷ் கவுன்சில். 1894ஆம் வருஷச் சட்டத்தின் குழந்தை. நம் ஊராட்சி மன்றத்தின் ஒன்றுவிட்ட பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் இடம் காலியானால் நோட்டீஸ் ஒட்டுவார்கள். பத்து வாக்காளர்கள் எழுதிக் கேட்டால் தேர்தல் நடத்த வேண்டும். பத்துப் பேர் கேட்காவிட்டால், இருக்கிற உறுப்பினர்களே ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் பத்துப் பேர் சேர்ந்து எதையும் கேட்டதாகச் சரித்திரம் இல்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகன் என்பதால், இங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமையோடு இருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்காரனும் இந்த நாற்காலியில் உட்காரலாம். ராஜ்ஜியம் போன பிறகும் பழைய வாடகைதாரருக்கு மிச்சமிருக்கும் ஒரு சலுகை.

எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஜனவரிக் கூட்டத்துக்குப் போனேன். ஊர்ப் பொதுக்கூடம். பழைய ஜமக்காளமும் ஈரக் கோட்டும் கலந்த வாசனை. ஒரு மூலையில் தேநீர் கொதிகலன் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. உறுப்பினர்கள் எட்டுப் பேர், சம்பளம் வாங்கும் ஒரே ஜீவனான கிளார்க், பார்வையாளர் வரிசையில் நான், எனக்கு அடுத்த நாற்காலிக்குக் கீழே ஒரு நாய். நாய் அடிக்கடி வருமாம். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே அஜெண்டாவை ஊர்ப் பலகையில் ஒட்டியாக வேண்டும், ஒட்டியிருந்தார்கள். மழையில் மை கரைந்து ஏழாவது பொருள் மட்டும் நீல மேகமாக இருந்தது. அது பெஞ்சு.

பெஞ்சு விவகாரம் இதுதான். காலமான கணவர் நினைவாக ஓர் அம்மையார் மரப் பெஞ்சு ஒன்று வாங்கித் தர விரும்பினார். இடம், கடற்கரைக்கு மேலே போர் நினைவுத் தூணுக்கு எதிரில். கடலைப் பார்த்துப் போட்டால், உட்காருகிறவர் தூணுக்கு முதுகு காட்ட வேண்டும். தூணைப் பார்த்துப் போட்டால் கடல் முதுகுப் பக்கம் போய்விடும். “உயிரைக் கொடுத்தவங்களுக்கு முதுகு காட்டுறதா?” என்றார் ஒருவர். “கடல் தெரியாத பெஞ்சு எதுக்கு, வீட்டிலேயே சோபா இருக்கே?” என்றார் இன்னொருவர். குறுக்குவாட்டில் போடலாம் என்று சமரசம் பேசியவரை இரண்டு தரப்பும் முறைத்தது. சுழலும் பெஞ்சு உண்டா என்று நான் மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். பார்வையாளர் பேசும் நேரம் முடிந்திருந்தது. நாற்பது நிமிஷம் ஓடியது. நாய் தூங்கிவிட்டது.

அதற்கு அடுத்த பொருள், தெருக்கோடி வீட்டுக் கார் கொட்டகையை விடுமுறை வாடகை வீடாக மாற்ற அனுமதி கேட்ட மனு. இரண்டு நிமிஷம். ‘ஆட்சேபித்து ட்ரூரோவுக்குக் கடிதம் எழுதுவது என்று தீர்மானிக்கப்பட்டது.’

அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு யோசித்தால் அவர்கள் மேல் தப்பில்லை. ரோட்டுப் பள்ளம் ட்ரூரோவின் வசம், குப்பை வண்டி ட்ரூரோவின் வசம், வீட்டு அனுமதியும் அங்கேதான். பாரிஷ் கவுன்சில் கருத்துச் சொல்லலாம், கடிதம் எழுதலாம். சொந்தமாக முடிவெடுக்கக் கிடைப்பது பெஞ்சு, நிழற்குடை, மயானம், விளையாட்டுத் திடல். போதாக்குறைக்கு, காசில்லை என்று பெரிய கவுன்சில் பல ஊர்க் கழிப்பறைகளை அந்தந்த பாரிஷ் தலையில் கட்டிவிட்டது. எங்கள் ஊர்க் கழிப்பறை ஈஸ்டருக்குத் திறந்து அக்டோபரில் மூடப்படும். “சிறுநீர்ப்பைக்குச் சீசன் உண்டா?” என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். இதுவரை நான் கேட்ட அரசியல் உரைகளில் ஆகச் சிறந்தது. ஆனால் தீர்மானம் தோற்றது.

இந்த ஊரில் ஆவேசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு இடங்களில் பதுங்கியிருக்கும். ஸ்கோன் என்ற பன்னின் மேல் கார்ன்வாலில் முதலில் ஜாம், அப்புறம் கெட்டிக் கிரீம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டெவனில் தலைகீழ். 2018இல் லேன்ஹைட்ராக் மாளிகையின் அன்னையர் தின விளம்பரப் படத்தில் கிரீம் கீழேயும் ஜாம் மேலேயும் இருந்துவிட்டது. அந்த மாளிகை இருப்பது கார்ன்வாலில். உறுப்பினர் சந்தாவையே ரத்து செய்வோம் என்று இங்குள்ளவர்கள் கொதித்தார்கள். நிர்வாகம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அடங்கினார்கள். என் மனைவி இந்தப் பக்கம் ஜாம் முதலில், பிளிமத் போனால் கிரீம் முதலில் என்று சாப்பிடுவாள். கூட்டணி தர்மம்.

பேஸ்டி இன்னும் தீவிரம். நம் சோமாசியின் பயில்வான் அண்ணன் அது. 2011இல் ஐரோப்பியப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. கார்ன்வாலிலேயே செய்திருக்க வேண்டும். மாட்டிறைச்சி எட்டில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. உருளைக்கிழங்கு, வெங்காயம், ஸ்வீடு என்னும் கிழங்கு. ஓரத்தில்தான் முறுக்க வேண்டும், உச்சியில் முறுக்கக் கூடாது. அந்த ஸ்வீடை இங்கே டர்னிப் என்பார்கள், டர்னிப்பை என்ன சொல்வார்கள் என்று கேட்கக் கூடாது. காரட் போட்டால் ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள். இவ்வளவு காபந்து செய்த பண்டத்தைக் கடற்கரையில் நின்று ஒரு கடி கடிப்பதற்குள் கடற்புறா பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதன் மேல் கை வைக்க முடியாது, 1981ஆம் வருஷச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு. நம் ஊரில் காகத்துக்கு நாமே வைக்கிறோம். இங்கே அது தானே எடுத்துக்கொள்கிறது. முன்னோர் என்று நினைத்துச் சமாதானம் அடைகிறேன்.

ஊர்க் கண்காட்சி விஷயத்தை மட்டும் என் மனைவி முன்னால் எடுக்காதீர்கள். ஆகஸ்ட் மாதம் கூடாரம் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மூன்று வெங்காயம், ஆறு பீன்ஸ், ஒரு கேக் என்று போட்டிக்கு வைப்பார்கள். எதை எத்தனை வைக்க வேண்டும் என்று அட்டவணைப் புத்தகம் உண்டு. ‘சட்னி, ஒரு ஜாடி’ என்ற பிரிவில் அவள் எலுமிச்சை ஊறுகாயை வைத்தாள். பக்கத்து ஊர் நடுவர் ஒரு முழு டீஸ்பூன் வாயில் போட்டார். பிறகு வெகுநேரம் தேநீர்க் கூடாரத்தில் இருந்தார். ஜாடி முன்னால் ஒரு சின்ன அட்டை வைக்கப்பட்டிருந்தது: என்.ஏ.எஸ். அப்படியென்றால் ‘அட்டவணைப்படி இல்லை’. சுவையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் அந்த ஊறுகாய் நடுவர் நாக்கில் வேலை செய்திருக்கிறது. மறு வருஷம் அட்டவணையில் புதிதாக ஒரு பிரிவு: ‘ஊறுகாய், எந்த நாட்டு வகையும்’. வந்த ஜாடி ஒன்றே ஒன்று, இவளுடையது. கிடைத்தது இரண்டாம் பரிசு. முதல் பரிசை நிறுத்திவைத்துவிட்டார்கள். காரணம் பென்சிலில் எழுதியிருந்தது: துண்டுகள் ஒரே அளவில் இல்லை. “யாருக்கு ரெண்டாவதா வந்தேன்னு கேட்டுட்டு வாங்க” என்று என்னை அனுப்பினாள். கூடாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

பதினான்கு வருஷத்துக்குப் பிறகும் எங்கள் வீட்டுக்கு ஊரில் பெயர் ‘புதுசா வந்தவங்க வீடு’. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் நாற்பது வருஷம் இருந்தார்கள். அவர்களும் கடைசி வரை அப்படித்தானாம். இருந்தாலும் நாங்கள் ‘எம்மெட்’ இல்லை. இங்கத்திய வட்டாரப் பேச்சில் எம்மெட் என்றால் எறும்பு. வெயில் வந்ததும் சாரைசாரையாகக் கடற்கரைக்கு இறங்கும் சுற்றுலாக் கூட்டத்துக்கு வைத்த பெயர்.

சிரிக்க முடியாத இடமும் இந்தச் சுற்றுலாதான். எங்கள் தெருவில் பதினோரு வீடு. ஜனவரி ராத்திரியில் விளக்கு எரிவது நாலில். மற்ற ஏழு வாசலிலும் கதவுக்குப் பக்கத்தில் எண்பூட்டு போட்ட சின்ன இரும்புப் பெட்டி, உள்ளே விடுமுறை வாடகைக்கு வருகிறவர்களுக்கான சாவி. சொந்தக்காரர் லண்டனிலோ எங்கேயோ. என் மனைவி வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண் அக்டோபரில் அப்படி ஒரு வீட்டுக்குக் குடிவருவாள். மார்ச்சில் மூட்டை கட்டுவாள். ஈஸ்டர் முதல் அந்த வீட்டுக்கு ஒரு வாரத்தில் வரும் வாடகை, அவளுக்கு மாதச் சம்பளத்தில் பாதி. போன வருஷம் இரண்டு மாதம் எங்கள் மாடியறையில் இருந்தாள். 2016இல் செயின்ட் ஐவ்ஸ் ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு, புதிதாகக் கட்டும் வீடுகளை இரண்டாவது வீடாக வாங்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல் ஆதரவு. உடனே வாங்குகிறவர்கள் பழைய வீடுகள் பக்கம் திரும்பினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீட்டுக்குக் கவுன்சில் வரி இரட்டிப்பு. எங்கள் தெருவில் இன்னும் நாலு விளக்குதான்.

பிப்ரவரியில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். ஏன் வர விரும்புகிறீர்கள் என்று சேர்மன் கேட்டார். தபால் நிலையத்து அம்மா சொன்னார்கள் என்றேன். எல்லோரும் தலையசைத்தார்கள்; அதைவிடப் பெரிய சிபாரிசு இங்கே கிடையாது. பதவி ஏற்புப் படிவத்தில் கையெழுத்துப் போட்டேன். முதல் பொருள் பெஞ்சு. ஒருவர் வரவில்லை. கடலுக்கு நாலு, தூணுக்கு நாலு. சேர்மன் தன் இரண்டாவது ஓட்டைக் கடலுக்குப் போட்டார். தோற்ற தரப்பு ஒருவர் தேநீர் குடிக்காமலே கிளம்பிவிட்டார். மறுநாள் தன் தோட்டத்து லீக்ஸ் நாலைந்தை என் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

கார் கொட்டகைக்கு ட்ரூரோ அனுமதி கொடுத்துவிட்டது. எங்கள் கடிதம் கோப்பில் இருக்கிறது.

பெஞ்சு இன்னும் வரவில்லை. தச்சரைக் கேட்டால் ‘டிரெக்லி’ என்கிறார். உடனடியாக என்று அர்த்தம் கொள்ளாதீர்கள். ‘இதோ கிளம்பிட்டேன்’ என்று குளியலறையிலிருந்து சொல்வோமே, அது. அடுத்த கோடைக்குள் வந்துவிடும் என்று நம்புகிறேன். நீங்கள் இந்தப் பக்கம் வந்தால் அதில் உட்கார்ந்து கடலைப் பாருங்கள். பேஸ்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். கழிப்பறை பெஞ்சுக்கு இடது கைப் பக்கம், ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும்.