பேட்ஜ் மாஸ்டர்

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவர் உங்கள் முகத்தை விட்டுவிட்டு இடப்பக்க நெஞ்சையே உற்றுப் பார்த்தால், இருதய டாக்டர் என்று பயந்துவிடாதீர்கள். பேட்ஜ் மாஸ்டராக இருக்கலாம். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் இந்த இனம் அருகிவிட்டதே தவிர அழிந்துவிடவில்லை. பெரும்பாலும் ஓய்வுபெற்ற வாத்தியார். இல்லையென்றால் தோட்டத்துக் கிளாக்கர். தாத்தா ஏதாவதொரு துரை பங்களாவில் அப்புவாக இருந்திருப்பார். துரைமார் சீமைக்குக் கப்பலேறியபோது அலுமாரி லாச்சியில் விட்டுப்போன சாமானில்தான் பேரனுடைய சரித்திர ஆராய்ச்சி தொடங்கும்.

எனக்குத் தெரிந்த மாஸ்டர் டிக்கோயாக்காரர். அவருடைய மியூசியம் ஒரு பழைய மலிபன் பிஸ்கட் டின். உள்ளே பஞ்சு மெத்தை, அதன்மேல் வரிசையாகப் பேட்ஜ்கள். பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டபோதுகூட மனுஷன் இத்தனை பக்குவம் பார்க்கவில்லை என்பது அவர் சம்சாரத்தின் நெடுநாள் குறை.

“முன்பக்கத்தப் பாக்கிறவன் வேடிக்கை பாக்க வந்தவன் தம்பி. திருப்பிப் பாக்கிறவன்தான் ஆளு” என்பார்.

திருப்பினால் ஊசியா, கோட்டுப் பொத்தான் துளையில் மாட்டும் பிறையா என்று தெரியும். ஊசி என்றால் பெண்களுக்கு, பிறை என்றால் ஆண்களுக்கு. ஏ.ஆர்.பி. பேட்ஜுக்கு இந்தக் கணக்கு. வான்தாக்குதல் காவலுக்குச் சேர்ந்தவர்களுக்குப் பிரிட்டனில் கொடுத்தது அது. எரிக் கில் என்ற சிற்பி வடிவமைத்தது. முதலில் வெள்ளியில் வந்தது, இரண்டாம் உலக யுத்தம் முற்றியதும் மலிவு உலோகத்துக்கு இறங்கியது. வெள்ளி என்றால் பின்னால் முத்திரை இருக்கும், அதில் வருஷத்துக்கு ஓர் எழுத்து. போலியைப் பிடிக்க அவருக்கு லென்ஸே வேண்டாம். அச்சில் அடித்தது விளிம்பு கூர்மையாக நிற்குமாம். அசலைப் பார்த்து வார்த்தது, நனைந்த பிஸ்கட் மாதிரி எழுத்தெல்லாம் மழுங்கி நிற்குமாம்.

அவருக்கு மிகவும் பிடித்தது முதலாம் உலக யுத்தக் கதை. சீருடை போடாமல் லண்டன் தெருவில் நடக்கிற வாலிபன் கையில் பெண்கள் வெள்ளை இறகைத் திணிப்பார்கள். கோழை என்று அர்த்தம். குண்டடிபட்டுப் படையை விட்டு வந்தவனுக்கும் அதே இறகு. அந்த அவமானத்துக்குப் பரிகாரமாக 1916இல் அவர்களுக்கு ஒரு வெள்ளி பேட்ஜ் வந்தது. அதன் பின்பக்கத்தில் நம்பர் உண்டு. பதிவேட்டில் தேடினால் ஆளையே கண்டுபிடிக்கலாம். இந்த இடத்துக்கு வந்ததும் மாஸ்டரின் குரல் தழுதழுக்கும். சொந்தப் பேரன் பிறந்த தேதியை மட்டும் சம்சாரத்தைக் கேட்டுத்தான் சொல்வார்.

உள்ளூர்ச் சரக்கும் உண்டு. 1900இல் தொடங்கிய சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் படையின் காலர் சின்னம் ஒன்று வைத்திருந்தார். தோட்டத்துத் துரைமாரின் படை அது. 1914இல் ஒரு பிரிவு எகிப்துக்குப் போய், அங்கிருந்து கலிப்போலி வரைக்கும் போனது. 1949இல் படையே கலைந்தது. பெரட்டுக்களத்தில் ஊரை அதட்டிய துரை அங்கே சார்ஜன்ட் அதட்டுக்கு விறைத்து நின்றிருப்பான் என்று நினைத்து நினைத்துச் சிரிப்பார். “நூறு வருஷத்துக் களிம்பு தம்பி, அதுதான் இதுக்குச் சாட்சி” என்று தடவிக் கொடுப்பார். ஒரு தீபாவளிக்கு முதல் நாள், குத்துவிளக்கோடு சேர்த்து அதற்கும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்துவிட்டார் சம்சாரம். மாஸ்டர் மூன்று நாள் பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்ததாகத் தகவல்.

ஒருநாள் நான் கேட்டேன்: “சரிங்க மாஸ்டர், ரெண்டாவது சண்டையில சீமையில தேயிலைக்கே ரேஷன், ஆளுக்கு வாரம் ரெண்டு அவுன்ஸ்னு நீங்கதான் சொன்னீங்க. அதுக்குக் கொழுந்து எடுத்துக் குடுத்த நம்ம ஆளுகளுக்கு என்னா பேட்ஜ் குடுத்தாங்க?”

“கோதும மா” என்றார்.

அதுவும் உண்மைதான். 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதும் அரிசி வரத்து நின்றது, ரேஷனில் மாவு வந்தது. அந்த ரொட்டியை லயத்துக் காம்பராக்களில் இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

போன வருஷம் பழைய இரும்புக் கடையில் ஒரு பித்தளை வில்லை கிடைத்தது. தேய்ந்த எழுத்து, தெளிவான நம்பர். மூன்று ராத்திரி லென்ஸும் கையுமாக இருந்து, கொழும்பில் 1942 ஏப்ரல் 5ஆம் தேதி குண்டு விழுந்த காலத்து ஏ.ஆர்.பி. வார்டனுடையது என்று தீர்ப்பெழுதினார். பங்களா வாச்சராக இருந்த ஒரு கிழவர் வந்து பார்த்தார். “இது நாய் லைசன்ஸ் பட்டைங்க மாஸ்டர். பெரிய தொர வீட்டு நாய்க்கும் இதேதான் கட்டியிருந்துச்சு.”

அன்று சாயங்காலம் சம்சாரம் தன் அப்பாயியின் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு துருப்பிடித்த தகர வில்லையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். இந்தியாவிலிருந்து மண்டபம் முகாம் வழியாகத் தோட்டத்துக்கு ஆள் வந்த காலத்தில், எந்தத் தோட்டத்து ஆள் என்று எழுத்தும் எண்ணும் குத்திக் கழுத்தில் கட்டிவிட்ட தகரத் துண்டு. மாஸ்டர் பழக்கதோஷத்தில் திருப்பிப் பார்த்தார். ஊசி இல்லை, பிறை இல்லை. நூல் கோக்க ஒரு துளை.

“இது பேட்ஜ் இல்ல” என்றார்.

“நாய்க்குக் கட்டினத மூணு ராத்திரி பாத்தீங்க. மனுசன் கழுத்துல கட்டினத ஒரு ராத்திரி பாத்தா என்னாங்க?”

பிஸ்கட் டின்னில், நடுப் பஞ்சில், இப்போது அதுதான் இருக்கிறது. துருவில் பாதி எண் போய்விட்டதால் எந்தத் தோட்டம் என்று மாஸ்டருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒத்துப்பார்க்க இன்னொன்று வேண்டுமாம். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் அப்படியொரு துண்டு கிடந்தால் எடுத்து வையுங்கள். புளி மட்டும் போட்டுவிடாதீர்கள்.